கட் சொன்ன பிறகு

மாமனாருக்குப் படத்தில் மொத்தமே பதினோரு நொடி. மகளை ரயிலேற்றி அனுப்பும் அப்பாவாக நிற்கவேண்டிய நடிகர் அன்று வந்து சேரவில்லை. படப்பிடிப்பில் இருந்த மருமகளுக்குச் சாப்பாடு கொடுக்க மனைவியோடு ஸ்டேஷனுக்கு வந்த மனுஷனை இயக்குநர் பிடித்து நிறுத்திவிட்டார். அதன் பிறகு தெருவில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. இஸ்திரிக்காரரிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

படத்தின் எடிட்டர் அந்த மருமகள்தான். இப்போது வெட்டுவதும் ஒட்டுவதும் அவள் கையில்.

"அந்தப் பெரியவர் ஷாட்டைத் தூக்கிடும்மா," என்றார் இயக்குநர். "பொண்ணு முகம் அப்படியே கரைஞ்சு அடுத்த ஊர் தெரியற மாதிரி போயிடலாம். நாளைக்குப் படத்தை ஒப்படைக்கணும்."

இயக்குநர்மேல் தப்பில்லை. ஆறு டேக்கிலும் மாமனார் கேமராவையே முறைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் கணக்கு வாத்தியார். மகளை வழியனுப்பச் சொன்னால் வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறார்.

வீட்டிலோ தினமும் காலையில் ஒரே விசாரணை. "நம்ம சீன் வந்துருச்சாம்மா?"

"பெரிய நடிகர்தான்," என்பார் மாமியார். "பால் வாங்கிட்டு வரச் சொன்னா காது கேக்காத மாதிரி நல்லா நடிப்பாரு."

இருவரும் ஒருவரையொருவர் பாராட்டி யாரும் கேட்டதில்லை.

வெட்ட மனசு வராமல் ஆறு டேக்கையும் மறுபடி ஓட்டினாள் மருமகள். நான்காவதில் "கட்" என்ற குரலுக்குப் பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒளிப்பதிவாளர் அணைக்க மறந்திருக்கிறார். மாமனாரின் தோள் தளர்ந்தது. முகம் இடப்பக்கம் திரும்பி, யாரையோ தேடி, கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டது. கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் கண்ணில் வீட்டு ஆள் பட்டுவிட்ட மாதிரி ஒரு முகம். அந்தப் பக்கம் நின்றது மாமியார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

ரயில் போன திசையும் இடப்பக்கம்தான். ஜன்னலில் பெண்ணின் முகம், உடனே கட், அடுத்தது மாமனாரின் பார்வை. கரைவதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ரயில் சத்தத்தை மட்டும் அவர் முகத்தின்மேல் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தேயவைத்தாள். மகளை அனுப்பிவிட்டு நிற்கும் அப்பா கிடைத்துவிட்டார்.

இயக்குநர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எங்க இருந்துச்சு?" என்றார். பிறகு, "இருக்கட்டும்மா."

மறுநாள் மாமனார், மாமியார் இருவரையும் எடிட்டிங் அறைக்கு அழைத்துவந்து போட்டுக் காட்டினாள். மாமனாருக்குத் தன்னைப் பார்த்துத் தனக்கே வெட்கம். போன் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு வெளியே நழுவிவிட்டார். மாமியார் அசையவில்லை.

"இது எப்பம்மா நடிச்சாரு? நான் அங்கயேதானே நின்னேன்."

"நடிப்பு இல்ல அத்தை. கட் சொன்னப்புறம் உங்களைத் தேடிப் பாத்தாரு."



"நான் அப்போ குனிஞ்சு சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார் மாமியார் மெதுவாக. "பாக்கவே இல்லம்மா."

மாமியார் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரயிலெல்லாம் வேண்டாம். அவர் திரும்புற இடத்துலேருந்து போடு."