உராய்வு இல்லாத கணக்கு

"கலைமதி, கொஞ்சம் அங்கிட்டு நகரு. பலகை சாய்வு முப்பது டிகிரி இருக்கான்னு பாக்கணும்," என்றான் ரகுநாத்.

மாடி வராந்தாவில் அவள் அப்பாவைக் கதவுப் பலகையில் கிடத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் செத்துப்போன வீரய்யா வாத்தியார் கறம்பக்குடிக்கே நாற்பது வருடம் இயற்பியல் புகட்டியவர். அவரிடம் படித்தவர்களை நிற்கவைத்தால் வரிசை புதுக்கோட்டை தாண்டும். அதில் புத்தியுள்ளவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றலாம், இடமும் மிஞ்சும்.

லோடுமேன் ஆண்டிச்சாமி சலித்துக்கொண்டார். "இதுக்கு எதுக்குங்க கணக்கு? ரெண்டு பேரு புடிச்சா ரெண்டு நிமிசம்."

"நான் புடிக்கிறேண்ணே," என்றாள் கலைமதி. ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கப் பெரியப்பா மகனைப் பேசியாகிவிட்டது. மாடியிலிருந்து இறக்குவதையாவது தன் கைக்கு விடுங்கள் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பொம்பளப் புள்ள தூக்குறதா? ஊரு சிரிக்கும். சாருக்கு அவரு பாடத்தாலயே மரியாத செய்றோம்," என்றான் ரகுநாத். அவன் என்ஜினீயரிங் காலேஜ் பேராசிரியர். கூட நின்ற ஏழு பேரும் அதே சரக்கு.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸின் முதுகில் நியூட்டனின் இரண்டாம் விதி ஏறியது. சாரும் கதவும் நூறு கிலோ. முப்பது டிகிரிச் சாய்வு. மேலே கட்டிய கப்பி வழியாக மறுமுனையில் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை தொங்கினால் சரிக்குச் சரி. விரலால் தொட்டால் போதும், சார் பூப்போல இறங்குவார்.

படிகளின் மேல் போட்ட பலகைகளில் வீரய்யா புறப்பட்டார். எதிரே மூட்டை ஏறியது. பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். தள்ளினார்கள். ஒரு முழம் நகர்ந்து மறுபடி நின்றார். தெருவே அண்ணாந்து பார்த்தது. எட்டு பேராசிரியர்களும் மண்டையைச் சொறிந்த சத்தம் ஆலங்குடிக்கே கேட்டிருக்கும்.

"உராய்வ எங்க சேத்த?" என்றாள் கலைமதி.

"சார் கணக்குல உராய்வே கெடையாதே!" என்றான் ரகுநாத்.

பிளஸ் டூவில் இதைக் கேட்டதற்குத்தான் அப்பா அவளை வகுப்பின் முன்னால் மக்கு என்றார். முன் பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தவன் இவன்.

"வாங்கண்ணே," என்று சேலையைச் செருகிக்கொண்டு படியோரமாக ஏறினாள். அப்பாவைக் கதவோடு பிணைத்த கட்டுகளை இருவரும் அவிழ்த்தார்கள். தலைமாட்டை அவள் பிடித்தாள்.

ஆளைத் தூக்கினால் மூட்டை என்னாகும் என்று எட்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவு மேலே பாய்ந்தது, மூட்டை கீழே நின்ற அவர்கள் நடுவில் விழுந்து வெடித்தது. முடி முதல் ஷூ வரை சாம்பல் பூசிய எட்டு சிலைகள் இருமின.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கனக்குதா தாயி?" என்றார் ஆண்டிச்சாமி.

அப்பாவின் நெற்றி விபூதி அவள் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் ஏழெட்டுக் கைகள் நீண்டன. அவள் கொடுக்காமல் நடந்தாள்.