சிவலைக் கரடு படத்தில் ஏறிய நாள்

எங்கள் செம்மண் ஓடைக்காட்டில் கரட்டுக் குன்றுகள் காலையில் மாடுகளோடு மேயப் போகும். பொழுது சாய்ந்தால் தொழுவுக்குத் திரும்பிவிடும். நிலப்படம் வரைய வந்த துரைக்கு அது தோதுப்படவில்லை. படத்தில் ஏறியது ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும், ஏறாதது தொழுவுக்கு வரக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். நான் துரைக்கு அளவுக்கொடி பிடிக்கிறவன். லேசுப்பட்ட வேலையா அது? நான் கொடியை நட்டால் கரடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கடைசி நாள் மத்தியானம் எல்லாக் கரடும் படத்தில் ஏறியாயிற்று. சிவலையை மட்டும் காணோம். அது என் மதினி மாடத்தியின் கரடு. அதன் மடியில்தான் ஊற்று இருக்கிறது. அவள் மாடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது. முந்தின நாள் ஏதோ கோபத்தில் அதை ஏசிவிட்டாள். அது ரோஷப்பட்டு ஜமீன் பக்கம் போய்விட்டது.

"பொழுது சாய்ந்ததும் படத்தைச் சுருட்டிவிடுவேன்" என்றார் துரை.

"சுருட்டிக்கிடும் துரை, யாரு வேண்டாம்னா? அதுக்குள்ள எம் பொண்ணு வந்துருவா" என்றாள் மதினி. குரல்தான் எடுப்பாக இருந்தது, கண் ஜமீன் பக்கமே ஓடியது.

மாடு வழி தப்பினால் எங்கள் ஆட்கள் அதன் கன்றைக் கட்டிக் கத்தவிடுவார்கள். சிவலைக்கும் ஒரு கன்று உண்டு, இடுப்பளவு மேடு. ஓட்டமாய் ஓடி அதை இழுத்துவந்தேன். அவசரத்துக்கு வேறு முளை அகப்படவில்லை. துரையின் கூடார முளையிலேயே கட்டினேன். "ம்மா" என்று ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், எனக்குப் புல்லரித்துப் போயிற்று!

வந்ததே சிவலை! புழுதி பறக்க, ஊற்றுத் தளும்ப, ஓடை ஓடையாகத் தாண்டிக்கொண்டு! "வா தாயி, எம் மவராசி!" என்று மதினி அழுதுகொண்டே கூவினாள். அது நேரே கன்றிடம் வந்து கூடாரத்துக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. கூடாரம், மேஜை, துரை எல்லாம் உச்சிக்குப் போய்விட்டன. கன்று குடித்தது. மாடுகளும் வாய் வைத்தன. துரை அங்கேயே உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் சிவலையை வரைந்து முடித்தார். வழக்கப்படி, தான் இருந்து அளந்த இடத்துக்கும் ஒரு முக்கோணக் குறி போட்டார்.

குறியோடு அவரும் படத்தில் ஏறிவிட்டதால் இப்போது அங்கேதான். சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நேற்று மதினி அவர் கழுத்தில் ஒரு மணி கட்டினாள். அந்தச் சத்தத்துக்கு ஜமீன் கரடுகள் மூன்று எழுந்து வந்துவிட்டன. தண்ணீர் காட்டித் தொழுவில் சேர்த்துக்கொண்டோம்.