அங்கி போட்ட வில்லன்

தன் சர்ச்சில் எடுத்த படமாயிற்றே என்று போதகர், அங்கியை வீட்டில் விட்டுவிட்டு மனைவியோடு தியேட்டருக்குப் போனார். திரையில் வந்த போதகன் பைபிளுக்குள் துப்பாக்கி வைத்திருந்தான். பிரசங்கத்தை வேறு ஜவ்வாக இழுத்தான்.

"எந்தப் படத்துலயும் எங்களைத்தான் அயோக்கியனாக் காட்டுறானுங்க!" என்று பல்லைக் கடித்தார்.

"மெல்லப் பேசுங்க, பின்னாடி ஆளுங்க இருக்காங்க," என்றாள் மனைவி.

கதாநாயகன் அந்தப் போதகனின் அங்கியைப் பிடித்திழுத்துப் பளாரென்று அறைந்தான். பின்வரிசையில் விசில் பறந்தது. எவன்டா அது என்று கொதித்துத் திரும்பினார் போதகர். ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறக்காத அவருடைய பாடகர் குழு, ஒருவர் விடாமல் எழுந்து நின்று, "இன்னொண்ணு போடு!" என்று ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது.