பவளப் பெட்டிகள்

“பிள்ள இன்னும் பால் குடிக்குதா?” என்று போன வாரம் பங்களா எஜமானி மதாம் ஜெனெவியேவ் கேட்டபோது, அலமேலு இல்லை என்று சொன்னாள். ஆமாம் என்றிருந்தால் பங்களாச் சமையல் வேலை வேறொருத்திக்குப் போயிருக்கும்.

இப்போது அவள் கரைக்கு அப்பால் ஆளில்லாத சிறு தீவொன்றின் பாறை நிழலில் குந்தி, விருந்தாளிகளுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். குட்லண்ட்ஸ் ஊரில் பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் விட்டு வந்த கைக்குழந்தை, புட்டிப்பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடும். அவளுக்கு மார்பு கல்லாகக் கனத்தது. ரவிக்கைக்குள் மடித்து வைத்த துணியும் நனைந்துவிட்டது.

மேலே பாறைப் பொந்தில், நீள வால் கொண்ட வெள்ளைப் பறவை ஒன்று குஞ்சுக்கு ஊட்டியது. விருந்தாளிகள் தொலைநோக்கியைக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

“என்ன பாசம் பாருங்க!” என்றாள் மதாம்.

சாப்பிட்டபின் ரப்பர் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு எல்லோரும் தண்ணீரில் குப்புற மிதந்தார்கள். மதாமின் கணவர் மிஸ்யே லிண்ட்சே உளியோடு மூழ்கி மூழ்கிப் பவளக் கிளைகளை உடைத்துக்கொண்டு வந்தார். படகுக்காரன் ரெஜிஸ் அவற்றை ஈரச் சாக்கில் சுற்றி இரண்டு பெட்டிகளில் அடுக்கினான்.

பிற்பகலில் காற்று மாறியது. பெட்டிகளும் ஆட்களும் ஏறியதும் படகின் விளிம்பு நீர் மட்டத்துக்கு வந்துவிட்டது.

“இந்தப் பாரத்தோட அலையத் தாண்ட முடியாது மிஸ்யே. பெட்டிய இறக்கணும்,” என்றான் ரெஜிஸ்.

மிஸ்யே படகை ஒருமுறை பார்த்தார். “அலமேலு இருக்கட்டும். ரொட்டி மிச்சம் இருக்கு. நாளைக்கு ஞாயிறு, நீ சர்ச்சுப் பூசைக்குப் போவே. திங்கக்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போ.”

“பிள்ளைக்குப் பால் குடுக்கணும் மிஸ்யே.”

“இல்லன்னு சொன்னியே!” என்றாள் மதாம்.

“பொய் சொன்னேன் மதாம். வேலைக்காகச் சொன்னேன்.” சேலையின் மேலேயே ஈரம் தெரிந்தது. அவள் மறைக்கவில்லை.

“அப்ப இனிமே சமையலுக்கு வரவேண்டாம்.”

“வரல. அதுக்காக இங்க கிடக்கவும் மாட்டேன்.”

அவள் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிப் பாறைமேல் வைத்தாள்.

“ஓட்டுரிமை வந்ததும் வாயும் வந்திடுச்சு உங்க கூலிச் சனத்துக்கு!” மிஸ்யே அதை எடுக்கப் பாறையில் குதித்தார். அவர் நிமிர்வதற்குள் இரண்டாவது பெட்டியையும் அவர் காலடியில் இறக்கிவிட்டு, அலமேலு அது இருந்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

ரெஜிஸ் கயிற்றை அவிழ்த்தான். “ஏறுறீங்களா மிஸ்யே, இல்ல பெட்டிக்குக் காவல் இருக்கீங்களா?”

விருந்தாளி ஒருவர் சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். மிஸ்யே ஏறினார்.

கரையில் கார் காத்திருந்தது. அலமேலு கரும்புத் தோட்டத்துக் குறுக்குவழியை நோக்கி ஓடினாள். பின்னால் மிஸ்யேயின் குரல் கேட்டது.

“ரெஜிஸ், விடிஞ்சதும் போய்ப் பெட்டிகள எடுத்துக்கிட்டு வா. வெயில் பட்டா நிறம் போயிடும்.”

“நாளைக்கு ஞாயிறு மிஸ்யே.”

“பூசை அடுத்த வாரமும் இருக்கும்.”

அலமேலு நின்று திரும்பினாள். “பவளத்துக்கு விடியக்காலை. எனக்குத் திங்கக்கிழமை!” என்று கத்திவிட்டு மறுபடி ஓடினாள்.

ரெஜிஸ் தன் படகின் பாயைச் சுருட்டினான். துடுப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மிஸ்யேயைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தான்.