மலைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெயில்

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. எங்கள் தெரு கிறிஸ்தவ சபையின் ஆண்டுமலரைப் பார்த்துக்கொள்ளும் சகாதேவன் ஐயா கேட்டார். விசுவாசத்தால் கோபத்தை ஜெயித்த ஒருவன், ஒரே பக்கம், கடைசி வரியில் கண்ணீர். விசுவாசமும் கோபமும் நிறைய உள்ள ஒரே ஆள் எனக்குத் தெரிந்து விமல்ராஜ்தான். ஜெயித்தானா என்பதில்தான் சிக்கல்.

2

முதல் தொடக்கம்: 'அதிகாலை ஜெபத்தில் முழங்காலிட்டிருந்த விமல்ராஜின் முகத்தில்...'

(அடித்துவிட்டேன். அவன் எட்டு மணிக்கு முன் எழுந்ததே கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: விமல்ராஜ் தேரடி வீதிப் பக்கம் பைக் மெக்கானிக். பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது கடை வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு மலை சுற்றப் போய்விடுவார்கள். கத்தித் தீர்ப்பான். தீராததை வீட்டுக்குக் கொண்டுவருவான். சூரியன் மறைவதற்குள் கோபம் ஆறிவிட வேண்டும் என்ற வசனத்தை பாஸ்டர் அவனுக்குக் காட்டினார். சாயங்காலம் வரை அனுமதி உண்டு என்று விமல்ராஜ் புரிந்துகொண்டான்.

3

ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் சீக்கிரமே கண்ணுக்கு மறைந்துவிடும். அவன் மனைவி வினோதினி ஜன்னலைக் காட்டுவாள்.

"போயிடுச்சி பாருங்க. நிறுத்துங்க."

"இன்னாத்த போயிடுச்சி? மலை மறைக்குது, அவ்ளோதான். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில இன்னும் வெயில் சுள்ளுனு அடிக்குது."

(வசனத்தை இவ்வளவு பூகோளத்தோடு படித்த இன்னொரு விசுவாசியை நான் பார்த்ததில்லை.)

4

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவன், சாம்பாரில் உப்பு கம்மி என்று தட்டைச் சுவரில் வீசினான்.

"ஆண்டவரே கோபம் வந்து கோயில்ல காசு மாத்தறவங்க பலகையெல்லாம் கவுத்தாரு. இது ஒரு தட்டுதான?"

"அவருக்குப் பொண்டாட்டி இல்ல. இருந்திருந்தா அத்தனையும் அவதான் தூக்கி நிறுத்தியிருப்பா." வினோதினி சுவரைத் துடைக்கவில்லை. "இன்னிக்கி சூரியன் மறையறதுக்குள்ள மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா கீழ்பென்னாத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். விமல்ராஜ் வீம்புக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். சூரியன் மலைக்குப் பின்னால் போனது. வினோதினி பையை எடுத்தாள். அவன் டிவியை அணைத்துவிட்டு எழுந்தான்.

"மலைதான் மறைக்குது! சத்தியமா! வா, காட்டறேன்."

கத்துவதற்கு அல்லாமல் வேறு ஒன்றுக்காக அவன் வெயிலைத் தேடியது அன்றுதான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். பாதி மலையைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார்கள். வயலுக்கு மேலே சூரியன் இன்னும் மிச்சம் இருந்தது.

"இருக்குது," என்றாள். "கேளுங்க."

மன்னிப்பு கேட்டே பழக்கமில்லாத வாய் மெல்லத் திறந்தது. பின்னால் ஒரு வேன் ஹாரனை அலறவிட்டது.

"வண்டிய நடுரோட்ல போட்டுக்கினு இன்னாய்யா குடும்பம் நடத்தற?"

விமல்ராஜுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

5

சகாதேவன் ஐயா விரும்பும் முடிவில் அவன் வேன்காரனையும் கட்டிப்பிடித்து அழுகிறான். (எழுதிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.) என் பொல்லாத மனசு சொல்லும் முடிவில் அவன் வேன்காரனின் சட்டையைப் பிடிக்கிறான், வினோதினி அந்த வேனிலேயே ஏறி... வேண்டாம். இரண்டு பேரும் பாவம்.

ஆகவே இங்கேயே விட்டுவிடுகிறேன். ஹாரன் நிற்கவில்லை. வினோதினி வேனையும் பார்க்கவில்லை, சூரியனையும் பார்க்கவில்லை, அவன் வாயைத்தான் பார்க்கிறாள். அதிலிருந்து வரப்போகும் முதல் வார்த்தை என்னவென்று நீங்கள் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் வழக்கமாகச் சொல்வது எதுவோ, அதையே போட்டுக்கொண்டாலும் சரி.