ஏழாம் பட்டைக்கு மேலே

அறிக்கை அச்சுக்குப் போக இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நாற்பத்தோரு பக்கம் பறவைகளைப் பற்றியது, அந்த நாற்பத்தொன்றையும் எழுதியது கொக்கு. ஏரிக்கரையில் மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நின்று எண்ணுகிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கழுத்தும் கொஞ்சம் நீளம்தான்.

புதிதாக ஒரு உயர் அழுத்த மின்பாதை வரப்போகிறது. அதற்கு இரண்டு வழிகளைக் குறித்திருந்தார்கள். வழி ஒன்று ஏரியை ஒட்டிப் போகும். வழி இரண்டு ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த குடியிருப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். எந்தப் பக்கம் போனால் எது கெடும் என்று பார்த்துச் சொல்வது, டயர் கடைக்கு மேலே மூன்று அறைகளில் இயங்கிய அந்த அலுவலகத்தின் பொறுப்பு. போன வாரம் வெளியான வரைவு அறிக்கை வழி ஒன்றுக்குக் கை காட்டியது. ஏரிக்கு வந்து போகும் நாரைகளில் பெரும்பகுதி கம்பிகளுக்கு மேலே பத்திரமான உயரத்தில் பறக்கின்றன என்ற கொக்கின் கணக்குதான் அதற்கு ஆதாரம்.

காலை பத்து மணிக்கு வரைபடக்காரர் அவள் மேசைக்கு வந்து நின்றார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆசாமி. அவராக எழுந்து வருகிறார் என்றாலே ஏதோ வில்லங்கம் என்று பொருள்.

"ஏரிக்கரை டவர் உயரம் நீங்க எழுதின பக்கத்துல நாப்பத்திரண்டு மீட்டர்னு இருக்கு. போன் கம்பெனி குடுத்த லிஸ்ட்ல இருபத்திநாலரை. படத்துல எதைப் போட?"

"நாப்பத்திரண்டுதான். லிஸ்ட்ல தப்பா அடிச்சிருப்பாங்க."

"சரி, பார்த்துச் சொல்லுங்க" என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொக்கு அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பறக்கிற பறவையின் உயரத்தை யாரும் நாடா போட்டு அளக்க முடியாது. பக்கத்தில் உயரம் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். ஏரிக்கரையில் இருந்த ஒரே நெட்டையான பொருள் அந்தக் கைபேசிக் கோபுரம். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வண்ணம் பூசியது. அவள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவில் அப்போது கால்வாய் நிறையத் தண்ணீர், கிட்டே போக வழியில்லை. தொலைநோக்கியில் பட்டைகளை எண்ணினாள். ஏழு. அதற்கு முந்தைய வேலையில் நின்ற கோபுரத்திலும் ஏழு பட்டைதான், பட்டைக்கு ஆறு மீட்டர். ஆக நாற்பத்திரண்டு. அன்றைக்கு இது எவ்வளவு சுளுவாக முடிந்துவிட்டது என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டாள்.

இப்போது அலமாரியிலிருந்து கோபுரங்களுக்கு வண்ணம் பூசும் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். உயரம் எதுவானாலும் அதை ஏழு சமபாகமாக்கிப் பூச வேண்டும் என்றிருந்தது. நெட்டைக்கும் ஏழு, குட்டைக்கும் ஏழு. பட்டையின் அகலம்தான் மாறும்.

விரல்கள் தாமாகவே கால்குலேட்டரைத் தட்டின. இருபத்திநாலரையை ஏழால் வகுத்தால் மூன்றரை. அவளுடைய களக்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் 'ஏழுக்கு மேல் இரண்டு பட்டை' என்று இருந்தது. பழைய கணக்கில் ஐம்பத்து நான்கு மீட்டர். புதிய கணக்கில் முப்பத்தொன்றரை. கம்பிகள் வரப்போவது இருபத்திரண்டு மீட்டரிலிருந்து முப்பத்தெட்டு மீட்டருக்குள். பதினொரு நாள், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு நாரைகள். அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பத்திரம் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரமும் நேராகக் கம்பிக்குள் போகிறவை.

மேலாளரின் அறைக்குப் போய் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பதினாறு பேரின் வேலையைத் தலையில் சுமப்பவர், சுமையின் கனம் மட்டுமே தெரியும் அளவுக்குக் களைத்துப்போனவர்.

"கம்பியில பறவைக்குத் தெரியற மாதிரி பந்து மாட்டணும்னு ஒரு வரி சேர்த்துடலாமே?"

"மோதறதுல பாதியைத்தான் சார் அது தடுக்கும். விடியக்காலைல ஏரி மேல மூட்டம். பெரிய பறவை, சட்டுனு வளைஞ்சு திரும்ப முடியாது."

"உன் தங்கச்சி வீடு வழி ரெண்டுலதானே கட்டறாங்க?"

ஆமாம் என்று கொக்கு தலையாட்டினாள். வேலை தொடங்கியபோது இந்த வழிகளில் தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ சொத்து இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அப்போது அது உண்மை. அடுத்த மாதமே தங்கை மனை வாங்கினாள். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கொக்கு அதை மேலாளரிடம் சொன்னாள், அவரும் டீயைக் குடித்துவிட்டுப் போனார். எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியும், இருவரும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்கள்.

"கேளும்மா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நீ திருத்தாட்டி இதை ஒரு ஈ காக்கா கேக்காது. திருத்தினா, முதல்ல ஏன் தப்பாச்சுன்னு ஊரே கேக்கும். தங்கச்சி வீட்டைக் காப்பாத்தப் பண்ணினான்னு சொல்வாங்க. நான் உன்னை நம்பறேன். எல்லாரும் நம்புவாங்களா?"

"லிஸ்ட் தப்பா இருக்கலாம் சார். நேர்ல போய் அளந்துட்டு வந்துடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அச்சுக்குப் போகுது."

படியிறங்கும்போதே தங்கையின் அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் தங்கை. போனில் பேசினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

"அக்கா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கலவை மெஷின் வருது. தளம் போடறோம். நீ வந்து நிக்கணும், சொல்லிட்டேன்."

"நாளைக்கு எனக்கு அறிக்கை இருக்கேடி."

"உன் அறிக்கையாலதானே தளமே போடறோம்! அது வர்ற வரைக்கும் மேஸ்திரியை எப்படி இழுத்துப் பிடிச்சு வச்சேன்னு எனக்குத்தான் தெரியும். ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கீழ டயர் கடைல சத்தம்."

 தங்கை நான்கு வாடகை வீடு மாறியவள். கடைசி வீட்டில் மாடிக் குளியலறை ஒழுகி, மழையே இல்லாத நாளிலும் கூடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது வீட்டின் பூசாத சுவர்களில் பள்ளிக்கூடச் சாக்பீஸால் எது எங்கே என்று எழுதி வைத்திருந்தாள். இங்கே அலமாரி, இங்கே தையல் மெஷின், ஓர் ஓரத்தில் 'அக்கா வந்தால் படுக்க'. கம்பிக்குக் கீழே நாற்பத்தாறு மீட்டர் அகலத்துக்கு வீடு எதுவும் இருக்கக் கூடாது. வழி இரண்டு வந்தால் அந்தச் சுவர்கள் அதற்கு நட்டநடுவில். இன்றைக்கு அது செங்கல், கதவு, ஜன்னல். கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மேலே கான்கிரீட் தளம் போட்டுவிட்டால் பிறகு இடிக்கத்தான் முடியும்.

ஏரிக்குப் போகும் பேருந்தில் பின் இருக்கையில் உட்கார்ந்து களக்குறிப்பைப் புரட்டினாள். அவள் தேடியது உயரத்தை அல்ல, ஒரு தேதியை. தங்கை அந்த மனையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே பட்டைக்கு ஆறு மீட்டர் என்று எழுதியிருந்தால், தன் மீது தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். வெறும் கவனப்பிசகு, யாருக்கும் வரக்கூடியது. குறிப்பில் பத்தாம் தேதி என்றிருந்தது. போனை எடுத்துத் தங்கை முதன்முதலில் அனுப்பிய மனையின் படத்தைத் தேடினாள். அதே மாதம் ஏழாம் தேதி.

மூன்று நாள். அந்த மூன்று நாளில் தன் மனதுக்குள் என்ன ஓடியது என்று எவ்வளவு தோண்டியும் பிடிபடவில்லை. எண்ணியது நினைவிருக்கிறது. குளிர் நினைவிருக்கிறது. ஏழு என்று வந்ததும் மனசு லேசானது கூட நினைவிருக்கிறது. ஏன் லேசானது என்பதுதான் தெரியவில்லை. ஊர் கேட்கப்போகும் கேள்வியைவிட இது அவளை அதிகம் பயமுறுத்தியது. ஊரிடம் பதில் சொல்லிச் சமாளிக்கலாம், தன்னிடம் என்னத்தைச் சொல்ல?

கால்வாயில் இப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தாள். கோபுரத்தின் அடியிலிருந்து நாடாவைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து மீட்டர் பின்னால் நடந்து நின்றாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கோணமானியைக் கண்ணருகே வைத்தாள். நாற்பத்திரண்டு மீட்டர் என்றால் ஐம்பத்தெட்டு டிகிரி காட்ட வேண்டும். ஐம்பத்தெட்டு வந்தால் எல்லாரும் பிழைத்தோம். தங்கை, மேலாளர், தான், எல்லாரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உச்சியைப் பார்த்தாள்.

நாற்பத்து மூன்றுக்குச் சற்றுக் கீழே.

கை நடுங்கியிருக்கும் என்று மறுபடி பார்த்தாள். இடம் மாற்றி, தரை சமமாக இருக்கிறதா என்று காலால் தடவி, மூன்றாம் முறையும் பார்த்தாள். கருவிக்கு அவள் தங்கையைத் தெரியாது, அது சொன்னதையே சொன்னது. இருபத்திநாலரை. லிஸ்ட் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தரை மணிக்கு மேற்கிலிருந்து நாரைகள் வரத் தொடங்கின. பழக்கதோஷம், எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது, பதினான்கு, பிறகு ஒரு பெரிய கூட்டம். கழுத்தை நீட்டி, இறக்கையை அவசரமில்லாமல் அடித்துக்கொண்டு கோபுரத்தைத் தாண்டின. ஏழாம் பட்டைக்கு மேலே இரண்டு பட்டை. எழுதியது ஒன்றும் பொய்யில்லை. எங்கே பறக்கும் என்று சரியாகத்தான் பார்த்திருந்தாள். குஞ்சுகள் இப்போதுதான் பறக்கப் பழகியிருந்தன. ஒன்றிரண்டு குஞ்சுகள் பெரியவற்றைவிடத் தாழ்வாக, தடுமாறித் தடுமாறி வந்தன.

முழங்காலில் வைத்து எழுதினாள். கோபுரத்தின் உயரம், அளந்த விதம், மாறிய எண்ணிக்கை, வழி ஒன்றைப் பற்றிய முடிவு இனி நிற்காது என்ற ஒரு வரி. கீழே இன்னொரு வரி: என் தங்கையின் வீடு வழி இரண்டில் இருக்கிறது, இதை நான் முன்பே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்கவில்லை. படம் எடுத்து மேலாளருக்கும் வரைபடக்காரருக்கும் அனுப்பினாள். தங்கையிடம் முதலில் பேசலாம் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் அனுப்ப மாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

வரைபடக்காரரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'இருபத்திநாலரை போட்டுவிட்டேன்.' மேலாளரின் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. 'காலையில் எட்டு மணிக்கே வா. பக்கங்களை மாற்ற வேண்டும். மற்றதை அப்புறம் பேசுவோம்.' அந்த 'மற்றது' என்ன என்று அவளுக்குப் புரியாமல் இல்லை.

பிறகுதான் தங்கையை அழைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.  

"எல்லா டவருக்கும் ஏழுதானா?" என்று தங்கை கேட்டாள்.

"ஏழுதான்."

"அப்ப ஒரு பட்டை ஆறுன்னு எப்படி எடுத்தே?"

"பழைய டவர்ல ஆறு. அதையே போட்டுட்டேன்."

"என் ஏழாங்கிளாஸ் பசங்க பண்ண மாட்டாங்க இதை." தங்கையின் குரல் உடைந்தது. "வேணும்னே பண்ணினியா அக்கா? எனக்காக?"

இல்லை என்ற ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. களக்குறிப்பில் இருந்த பத்தாம் தேதி அதைத் தடுத்தது.

"தெரியலடி. சத்தியமா எனக்கே தெரியல."

"தப்பு உன்னோடது. வீடு மட்டும் ஏன் என்னோடது?"

  ஏரியில் நாரைகள் மரங்களில் இடம்பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

தங்கை போனை வைக்கவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு எங்கோ நடந்தாள். செருப்பில் ஜல்லி நறநறக்கும் சத்தம் கேட்டது. மண்வெட்டிகளை அலம்புகிற சத்தம் கேட்டது. பிறகு தள்ளியிருந்து தங்கையின் குரல், கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அதே குரல்.

"மேஸ்திரி, நாளைக்கு மெஷின் வர வேண்டாம்னு சொல்லிடுங்க. தளம் போடல."

"ஏம்மா, மழை வருங்கறீங்களா? வானம் சுத்தமா இருக்கே."

"மழையெல்லாம் இல்ல, மேஸ்திரி" என்றாள் தங்கை. "எங்க அக்கா சொல்லிட்டா."