மக்காச்சோளப் பரணுக்கு ஒரு கருக்கல் போட்டி

"மனித குலத்தின் வரலாறு என்பது இருட்டை எதிர்த்து மனிதன் நடத்திவரும் மாபெரும் போரின் வரலாறு. அந்தப் போரில் இன்று மாலை நாம் ஒரு புதிய அத்தியாயத்தை எழுதவிருக்கிறோம்."

எங்கள் வேட்டைச் சங்கத்தின் தலைவர் லுட்விக் இப்படி முழங்கியபோது அவர் தொப்பியின் மயிர்க்குஞ்சம் காற்றில் கம்பீரமாக ஆடியது. மீசையில் கடுகுச் சாந்து ஒட்டியிருந்தது. கையில் பாதி தின்ற தொத்திறைச்சி. மாபெரும் போரில் ஈடுபட்டிருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். போருக்குக் காரணம் ஒரு மரப்பரண்.

அந்தப் பரண் ரொசாலியாவின் மக்காச்சோள வயலின் ஓரத்தில், காடு தொடங்கும் இடத்தில் நிற்கிறது. பொழுது சாய்ந்து கருக்கல் விழுந்ததும் காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு இறங்கி வந்து அந்த வயலில்தான் விருந்து வைத்துக்கொள்ளும். சங்கத்தில் இருட்டில் பார்க்கும் மின்கருவிகளுக்கு அனுமதி கிடையாது. மிச்சமிருக்கும் வெளிச்சத்தை, துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியான ஸ்கோப்பின் கண்ணாடி எவ்வளவு அள்ளித் தருகிறதோ அவ்வளவுதான் வேட்டை. ஆகவே கருக்கலில் யாருடைய ஸ்கோப் கடைசிவரை பார்க்கிறதோ அவருக்கே அந்தப் பரண் என்று ஒரு விதி உண்டு. விதியைக் கொண்டுவந்தவர் லுட்விக். தலைநகர் லியூப்லியானாவில் புது ஸ்கோப் வாங்கி வந்த வாரத்தில் கொண்டுவந்தார்.

இரண்டு பருவமாகப் பரண் அவரிடம்தான் இருந்தது. அங்கிருந்து அவர் ஒரு பன்றியைக்கூடச் சுட்டதில்லை. ஒரு தடவை பலமாகத் தும்மியிருக்கிறார், அவ்வளவுதான்.

ரொசாலியா இந்த வசந்தத்தில்தான் வேட்டைத் தேர்வு எழுதி சங்கத்தில் சேர்ந்தாள். சங்கத்தின் முதல் பெண். வேட்டை மேல் ஆசையெல்லாம் இல்லை.

"எனக்குப் பரண் வேணும், தலைவரே," என்று போட்டிக்கு முன்பே கேட்டுப் பார்த்தாள். "வயல் என்னுது. ரெண்டு வருஷமா சோளம் பன்னிக்குத்தான் போகுது. இந்த வருஷமும் போச்சுன்னா குளிர்காலத்துக்கு மாடுங்களுக்குப் போட ஒண்ணும் இருக்காது. அதுங்கள வித்துட்டு நான் ஊறுகாய் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போகணும்."

"புரியுதும்மா," என்றார் லுட்விக், அவள் தோளைத் தட்டி. "ஆனா மாடு வேற, ஒளியியல் வேற. சங்கம்னா விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

அவளுடைய ஸ்கோப், யாரோ கழித்துவிட்ட பழசு. கறுப்புச் சாயம் உரிந்திருக்கும். எட்டு மடங்குதான் பெரிதாக்கும். கூட்டவோ குறைக்கவோ முடியாது. லுட்விக்கின் ஸ்கோப்போ இருபத்துநான்கு மடங்குவரை போகும். அவர் அதை எப்போதும் இருபத்துநான்கிலேயே வைத்திருப்பார், காசு கொடுத்ததை முழுக்க அனுபவிக்க வேண்டாமா? மடங்கைக் கூட்டக் கூட்டக் கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம் குறையும் என்று அந்த ஸ்கோப்போடு பெட்டியில் வந்த தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். தாளை அவர் அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டார்.

போட்டிக்கு நடுவர் டாக்டர் ஆல்பின். தன் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். வயல் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு அட்டையை அதில் அறைந்தோம். எதிர்ப்புறம் புல்வெளியில் மேசை போட்டு, மணல்மூட்டைகளின் மேல் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்தார்கள். தோட்டா கிடையாது. டாக்டர் கையில் விடைத்தாள். கூலாஷ் என்ற இறைச்சிக் குழம்புச் சட்டியைக் கிளறும் பொறுப்பு என்னுடையது என்பதால் நான் போட்டியில் இல்லை.

"நல்ல பார்வை!" என்று டாக்டர் கத்தினார். வேட்டைக்குக் கிளம்பும் எவருக்கும் நாங்கள் சொல்லும் வாழ்த்து அதுதான்.

முதல் சுற்றில் வெளிச்சம் நன்றாக இருந்தது. எல்லோரும் எல்லா வரியையும் படித்தார்கள். லுட்விக் தன் முறை முடிந்ததும் பனி படியக் கூடாதென்று ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்குக் கறுப்பு ரப்பர் மூடியைப் போட்டார். குழந்தைக்குக் குல்லாய் மாட்டுகிற மாதிரி, பதமாக.

இரண்டாவது சுற்றில் மலை முகட்டுக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. ரொசாலியாவுக்குக் கடைசி வரிகள் தெரியவில்லை.

"நாலாவது வரி வரைக்கும்தான் டாக்டர். அதுக்கு மேல சொன்னா பொய்."

"பரவால்லம்மா, பழைய கண்ணாடி," என்றார் டாக்டர் இரக்கத்தோடு.

ஆண்கள் எண்மரும் கடைசி வரிவரை படித்தார்கள். தச்சர் இசிடோர் படித்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். போன ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாதிரியார் என்று நினைத்து என் மனைவியின் கையைக் குலுக்கிய மனிதர் அவர்.

மூன்றாவது சுற்றில் தேவாலய மணி அடித்து ஓய்ந்திருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே கறுப்புச் சுவராகிவிட்டன. ஆண்கள் மறுபடியும் எல்லாவற்றையும் படித்தார்கள். ரொசாலியாவுக்கு மேலேயிருந்த பெரிய எழுத்து மட்டும்தான் தெரிந்தது.

"போதும்மா, வந்து உக்காரு," என்றார் இசிடோர். "கூலாஷ் ஆறிடப் போவுது."

"இன்னொரு சுத்து இருக்குல்ல, அண்ணே? பாத்துட்டே வர்றேன்."

கடைசிச் சுற்று. கரண்டியில் இருப்பது இறைச்சியா உருளைக்கிழங்கா என்றே எனக்குத் தெரியாத அளவுக்குக் கருக்கல். இசிடோர் எல்லா வரியையும் கடகடவென்று ஒப்பித்தார். மற்றவர்களும் அப்படியே. லுட்விக் கடைசியாக உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, நிதானமாக ஆரம்பித்தார். எல்லா வரியும் வந்தது. கடைசி வரிக்கும் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

"இதுதான் கண்ணாடி!" என்று எழுந்தார். கைதட்டினார்கள்.

ரொசாலியா இன்னும் தன் ஸ்கோப்பில்தான் இருந்தாள்.

"டாக்டர், அட்டையே அங்க இல்லை."

"என்னம்மா சொல்ற?"

"கம்பம் சாஞ்சு கெடக்கு. வெள்ளையா ஏதோ தரையில கெடக்கு. அது மேல ஒரு தாய்ப்பன்னி நிக்குது. பின்னாடி குட்டிங்க. மூணு... இல்ல, நாலு."

"ஸ்கோப்ப நல்லாத் தொடைச்சுட்டுப் பாரு. அதுல இருக்கறது சேறு, பன்னி இல்ல!" என்றார் இசிடோர். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோது வயல் ஓரத்திலிருந்து ஒரு உறுமலும், சோளத்தட்டைகள் முறியும் சத்தமும் கேட்டன. எங்கள் குரல்கள் அந்தப் பன்றிகளுக்கு நெடுநாள் பழக்கம். எங்களால் ஆபத்து எதுவும் இல்லை என்பதும் அவற்றுக்குத் தெரியும்.

விளக்கை எடுத்துக்கொண்டு போனோம். கம்பம் விழுந்து கிடந்தது. முதுகு சொறிந்துகொள்ள வாகான கம்பம் போலிருக்கிறது. அட்டை சேற்றில் குப்புறக் கிடந்தது, அதன் மேல் குளம்புத் தடங்கள். டாக்டர் அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கண் சோதனை உண்டு. எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும் அதற்கு டாக்டர் ஆல்பினிடம்தான் போவார்கள். அட்டையும் ஆரம்பத்திலிருந்து இதே அட்டைதான். காத்திருக்கும் நேரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள், மறந்தவர்களுக்கு வெளியே வருகிறவர் சொல்லிக் கொடுப்பார். வசந்தத்தில் ரொசாலியா சோதனைக்குப் போன சமயம் டாக்டர் கடலோரத்தில் விடுமுறையில் இருந்தார். அதனால் அவள் பக்கத்து ஊரில் வேறொரு அட்டையைப் படித்தவள்.

டாக்டர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நான் எதையும் பாக்கல," என்றார்.

"நாங்களும்தான், டாக்டரே," என்றார் இசிடோர்.

முதலில் சிரித்தது ரொசாலியா. அப்புறம் எல்லோருமே, வேறு வழியில்லாமல். லுட்விக் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, ஒளியியலின் வரலாற்றில் சில தருணங்கள் இருக்கின்றன என்று தொடங்கினார். "பரண் யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க தலைவரே, கூலாஷ் அடிப்பிடிக்குது," என்றேன். பரண் ரொசாலியாவுக்கு என்று சொன்னார். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். இசிடோர் ஏணியின் இற்றுப்போன படிகளைச் சனிக்கிழமை மாற்றித் தருவதாகச் சொல்லி, எல்லோருக்கும் ஜூனிபர் சாராயம் ஊற்றினார்.

முதல் வாரத்திலேயே ரொசாலியா ஓர் இளம் பன்றியைச் சுட்டாள். இசிடோர் வேட்டை வழக்கப்படி தேவதாரு இலைக்கொத்தை அவள் தொப்பியில் செருகிக் கைகுலுக்கினார். இந்த முறை சரியான ஆள்தான். மிச்சப் பன்றிக் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சோளம் அறுவடைவரை நின்றது. மாடுகள் தொழுவத்தில் இருக்கின்றன. ஊறுகாய் ஃபாக்டரி வேறு ஆளைத் தேடிக்கொண்டது. அடுத்த வருஷத்துக்கு டாக்டர் புது அட்டைக்குச் சொல்லியிருக்கிறார் என்று கேள்வி. ஐந்து பேர் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

போட்டி முடிந்ததும் லுட்விக்கின் துப்பாக்கியை உறையில் போட்டு வண்டியில் ஏற்றியது நான்தான். கடைசிச் சுற்றுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

ஸ்கோப்பின் முன்கண்ணாடியில் ரப்பர் மூடி போட்டபடியே இருந்தது.